கிளம்பும் எடை

உள்ளான் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போட்டுப் பறக்கவிடும் முகாமுக்கு வந்து மூன்று வருஷம் கழித்துத்தான் தணிகாசலம் தன் ஆசானிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கிளம்புறதுக்கு எவ்வளவு சேர்த்து வச்சிருந்தா போதும்?"

ஆசான் சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நைலான் நரம்பில் சுருக்குப் போட்ட கண்ணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எது கெளம்புறதுக்கு சார்?"

"உள்ளான்தான்," என்றார் தணிகாசலம்.

அவள் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணிக்குத் திரும்பினாள். அவர் உள்ளானைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கேட்டவருக்கும் தெரியும்.

ஆசான் என்றதும் வெள்ளைத் தாடியும் காவித் துணியும் மனசில் வந்தால் தள்ளி வையுங்கள். பவுனுக்கு அப்போது முப்பத்தாறு வயசு. முழங்கால்வரை தூக்கிச் செருகிய புடவை, மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. அவள் அப்பா கறிக்காக உள்ளான் பிடித்தவர். அது கூடாது என்று ஆனபிறகு, அதே கைக்கு முகாமில் வேலை கொடுத்தார்கள். அவருக்குப் பிறகு பவுனு வந்தாள். கையெழுத்துப் போடுவாள், அதோடு சரி. ஆனால் சேற்றில் பதிந்த காலடியைப் பார்த்து என்ன பறவை, எந்நேரம் போனது, வயிறு நிறைந்து போனதா பசியோடு போனதா என்றுகூடச் சொல்லிவிடுவாள்.

சீடருக்கு அறுபத்தொன்று. வேலூரில் ஒரு கல்லூரியில் முப்பத்துமூன்று வருஷம் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். உயிரணு ஒன்று சக்தியை எங்கிருந்து பெறுகிறது, எதில் சேர்த்து வைக்கிறது, எப்படிச் செலவு செய்கிறது என்பதுதான் அவருடைய பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் படம் வரைந்து பாகங்களைக் குறிப்பார். பழைய மாணவன் ஒருவன் முகாமை நடத்திவந்தான். வலசைப் பறவைகளின் கொழுப்பைப் பற்றி எழுத ஆள் வேண்டும் என்று கூப்பிட்டான். வீட்டில் சும்மா இருக்க முடியாத மனுஷர், பெட்டியைக் கட்டிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் வந்து சேர்ந்தார்.

சும்மா இருக்க முடியாதவர் என்று நான் நாகரிகமாகச் சொல்லிவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை, அதுதான் விஷயம். முகாமுக்கு வருவதற்கு ஒரு வருஷம் முந்தி மனைவி செண்பகவல்லி இறந்துவிட்டாள். ஒரே மகள் சுகந்தி திண்டுக்கல்லில் இருந்தாள். அவளாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. நல்லவனா கெட்டவனா என்று இவர் விசாரிக்கவே இல்லை. எந்தத் தெரு, என்ன ஜனம் என்று மட்டும் விசாரித்தார். கல்யாணத்துக்குப் போகவில்லை. அதிலிருந்து ஒன்பது வருஷமாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

சுகந்திக்கு ஆறு வயசில் ஒரு பெண் குழந்தை. பெயர் நிறைமதி. மனைவியின் தங்கை வசந்தா எப்போதாவது போன் செய்து சொல்வதை வைத்துத்தான் அவருக்குப் பேத்தியைத் தெரியும். முன்பல் விழுந்திருக்கிறது. மாம்பழம் என்றால் உயிர். ரெட்டைச் சடை போட்டால்தான் பள்ளிக்கூடம் போவாள். ஒன்றுவிடாமல் அவர் ஞாபகம் வைத்திருந்தார். முகாமில் யாராவது மாம்பழம் நறுக்கினால் எழுந்து வெளியே போய்விடுவார். மனுஷருக்கு ஏக்கம். அதற்கு வேறு பெயர் வைத்து மழுப்ப வேண்டியதில்லை.

இந்த மூன்று வருஷத்தில் நான்கு தடவை கிளம்பினார். இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரை. ஒரு தடவை முகாம் வாசல் வரை. ஒரு தடவை திருச்சிக்கே போய், திண்டுக்கல் பஸ் புறப்படும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பினார். ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சுதான். இன்னும் தயாராகவில்லை. என்ன பேசுவது என்று சரியாக யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் கொஞ்சம் தெம்பு சேர வேண்டும்.

தீபாவளிக்கு மகளுக்குப் புடவையும் பேத்திக்குக் கவுனும் வாங்கி வசந்தாவிடம் கொடுத்தனுப்புவார். சுகந்தி வாங்கிக்கொள்வாள். பதிலுக்கு ஒரு வார்த்தை வராது. ஒருமுறை, தன் சார்பில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி வசந்தாவைக் கேட்டுப் பார்த்தார். என்ன வார்த்தை என்று வசந்தா திருப்பிக் கேட்டாள். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வசந்தா போனை வைத்துவிட்டாள்.

பவுனுக்கு இதில் பாதி அவர் சொல்லித் தெரியும். மீதி, பாதி வழியில் திரும்பி வரும் ஆளை நான்கு தடவை பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

அவளை அவர் ஆசான் என்று கூப்பிட ஆரம்பித்தது முகாமுக்கு வந்த நாலாம் நாள். பறவையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் கழுத்து இருக்க வேண்டும், மற்ற விரல்கள் சும்மா மூடியிருக்க வேண்டும். பறந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் இறுக்கிவிட்டார். பறவையின் தலை தொங்கிவிட்டது. பவுனு ஓடிவந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு பறவையை ஈர மணலில் வைத்து, தன் நிழலால் மறைத்துக்கொண்டு நின்றாள். கால் மணி நேரத்தில் அது எழுந்து ஓடியது. அவள் அவரைத் திட்டவில்லை. மூச்சு விடறதுக்கு எடம் வுடணும் சார் என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவள் ஆசான். முதலில் வெட்கப்பட்டாள், பிறகு பழகிவிட்டது. சார் என்று சொல்வதை மட்டும் அவள் விடவில்லை. ஆளுக்கு ஆள் மரியாதை கொடுத்துக்கொள்வதைப் பார்த்து முகாமில் சிரிப்பார்கள்.

இனி, அவர் கேள்வி கேட்ட மறுநாள்.

சித்திரை மாசம். உப்பளத்துப் பாத்திகளுக்கு அந்தப் பக்கம் வைத்த கண்ணியில் ஒரு கொசு உள்ளான் விழுந்தது. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். ஐப்பசியில் வடதுருவத்துக் கரையிலிருந்து வந்து சேரும்போது இருபது கிராம்தான் எடை. உள்ளங்கையில் வைத்தால் ஏதோ வைத்திருக்கிறோம் என்றே தோன்றாது. குளிர்காலம் முழுக்க நம் சேற்றில் புழு தின்கிறது. பங்குனி பிறந்ததும் ஒரு வெறி வந்த மாதிரி தின்கிறது. தின்றதையெல்லாம் கொழுப்பாக மாற்றிச் சேர்த்து வைத்துக்கொண்டு, சித்திரையில் ஒரு நல்ல தெற்குக் காற்று வந்ததும் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடுகிறது.

பவுனு அதைக் கையில் எடுத்துத் தொண்டைக்குக் கீழே ஊதினாள். சிறகுமுடி விலகியது. வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தோலுக்கு அடியில், எலும்புக்கு நடுவில் இருக்கும் குழி முழுக்க மஞ்சளாகக் கொழுப்பு நிறைந்திருந்தது.

துணிப்பைக்குள் போட்டு எடை பார்த்தார்கள். முப்பத்துநான்கு கிராம். அந்தப் பருவத்தில் அவர் நோட்டில் ஏறிய எடையிலேயே அதுதான் அதிகம்.

"இது இன்னைக்கோ நாளைக்கோ கெளம்புற புள்ள," என்றாள் பவுனு. "எழுதிக்கிட்டு விட்டுருங்க சார்."

அவர் விடவில்லை. அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. இந்த ஒரு பறவையை மூன்று நாள் வைத்திருந்து காலையும் மாலையும் எடை பார்த்தால், எந்த எடையில் அதற்குக் கிளம்பும் தவிப்பு வருகிறது என்று சரியாக எழுதிவிடலாம். நேற்று கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிடும். வலையடித்த மரப்பெட்டி இருக்கிறது. தீனிக்குச் சேற்றில் பஞ்சமில்லை. மூன்றே நாள்தான்.

காற்று மாறப்போகிறது என்று பவுனு சொல்லிப் பார்த்தாள். அவர் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் அழுத்தி மறுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அவள் அப்படிப்பட்ட ஆசான் இல்லை.

முதல் நாள் பொழுது சாயும்வரை உள்ளான் அமைதியாகத் தின்றது. வெயில் மஞ்சளானதும் ஆரம்பித்தது. பெட்டிக்கு நான்கு பக்கம் இருந்தாலும் வடக்குப் பக்கம் மட்டும்தான் ஓடியது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும், நின்று ஒரு எம்பு எம்பும், சிறகு வலையில் அடிக்கும், கீழே விழும், மறுபடியும் ஓடும். தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். அவர் முகத்தில் பழைய வாத்தியார் களை வந்திருந்தது.

இரண்டாம் நாள் காலையில் எடை முப்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. அவரே குனிந்து சேற்றைக் கிளறிப் புழு எடுத்து வந்து போட்டார்.

அன்று சாயங்காலம் தெற்குக் காற்று வந்தது.

முதலில் பாத்திகளுக்கு மேலே ஒரு கூட்டம் எழும்பியது. பிறகு பக்கத்துப் பாத்தியிலிருந்து இன்னொன்று. எல்லாம் சேர்ந்து ஒரு சுற்று வந்து, தலைக்கு மேலே சன்னமான குரலில் கத்திக்கொண்டே வடக்கே திரும்பின. இருநூறு இருக்கும். பெட்டிக்குள்ளிருந்து அந்த ஒற்றைப் பறவை ஒரு குரல் கொடுத்தது. இரண்டு நாளாக அது வாயே திறக்கவில்லை. இப்போது விடாமல் கத்தியது. மேலே போன கூட்டம் கேட்டதோ என்னவோ, நிற்கவில்லை. கூட்டம் கண்ணுக்கு மறைந்த பிறகும் பெட்டிக்குள் கத்தல் ஓயவில்லை.

தணிகாசலம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொக்கியை ஒரு விரலால் தள்ளினால் போதும். மறுநாள் காலை எடை மட்டும் பாக்கி இருக்கிறது என்று நினைத்தார். கை கொக்கிவரை போய்த் திரும்பி வந்தது. திருச்சியில் பஸ் படிக்கட்டுவரை போய்த் திரும்பிய அதே கைதான் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பவுனு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு சார்?"

"இருபத்தொம்பது."

"தீனி வச்சீங்கல்ல?"

"வச்சேன். தின்னுச்சு."

"எங்கயும் போவலயே அது. பொட்டிக்குள்ளதான கெடந்துச்சு. அப்புறம் அஞ்சு கிராம் எங்க போச்சு?"

கேள்வி தன் பாடத்துக்குள் வந்ததும் தணிகாசலத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். கரும்பலகை இல்லாத குறைதான். தோசையை வைத்து விளக்கினார். கொழுப்பு என்பது மூட்டையில் இருக்கும் அரிசி, மாசக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஈரலிலும் தசையிலும் இருக்கும் சர்க்கரைச் சத்து என்பது அரைத்து வைத்த மாவு, ஒருநாள் தாங்கும். ஆனால் உடம்பில் எந்த வேலையும் அரிசியாலோ மாவாலோ நடக்காது. இறக்கை அடிப்பதற்கும், இதயம் துடிப்பதற்கும், கண் பார்ப்பதற்கும் சுட்டெடுத்த தோசை வேண்டும். அந்தத் தோசைக்கு ஏடிபி என்று ஒரு பெயர். ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டி அடுப்புகள் இருக்கின்றன. நாம் இழுக்கும் மூச்சு அந்த அடுப்புக்குத்தான் போகிறது. அங்கே தோசை சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதை அடுக்கி வைக்க முடியாது. கையில் இருப்பது சில நொடிக்குத்தான் வரும்.

பவுனு கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"ஒரு செல்லு பக்கத்து செல்லுக்குத் தோச குடுக்காதா சார்?"

"குடுக்காது. அரிசி, மாவு வேணா வெளியிலேர்ந்து வரும். ரத்தம் கொண்டாந்து வாசல்ல வைக்கும். தோசைய மட்டும் அதது தன் அடுப்புல தானே சுட்டுக்கணும்."

"குடுத்தனுப்ப முடியாது."

"முடியாது."

அவள் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தாள். உள்ளே உள்ளான் மூலையில் ஒடுங்கி நின்றது.

"ஓடினா, பறந்தா சுடணும். சரி. சும்மா உக்காந்திருந்தா?"

"சும்மாங்கிறதே கிடையாது ஆசான். தூங்கினாலும் அடுப்பு எரியும். எங்கயும் போகாம ஒரே இடத்துல உக்காந்திருந்தாலும் சேத்து வச்சது தீர்ந்துக்கிட்டேதான்..."

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முப்பத்துமூன்று வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்ன வாக்கியம்தான். எத்தனை வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பார். இன்றைக்குத்தான் அது அவர் காதில் விழுந்தது.

பவுனு உதவிக்கு வரவில்லை. கண்ணி நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

தணிகாசலம் எழுந்து போய்க் கொக்கியைத் தள்ளினார். பெட்டி திறந்தும் உள்ளான் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் வடக்கே பறக்கவில்லை. இருபது அடி தள்ளிப் போய்ச் சேற்றில் இறங்கி, மூக்கைச் சேற்றில் விட்டு விட்டுத் தின்ன ஆரம்பித்தது.

இனிமேல் அது போகுமா என்று அவர் கேட்டார். கூட்டமும் போய்விட்டது, காற்றும் போய்விட்டது, விட்டதை மறுபடியும் சேர்க்க வேண்டும், சேர்க்க முடியாதவை கோடை முழுக்க இங்கேயே தங்கிவிடுவதும் உண்டு என்றாள் பவுனு. நல்லதாக ஒரு வார்த்தை சொல்வாளா என்று அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் சொல்லவில்லை.

அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் அவர் வேறு வேலை பார்க்கவில்லை. விடிந்ததும் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு வரப்பில் போய் உட்காருவார். பாத்தி காலியாகக் கிடக்கும். அதில் ஒற்றையாக அந்த உள்ளான் ஓடி ஓடித் தின்னும். காலில் வளையம் மின்னும். முகாமில் சாப்பிடக் கூப்பிட்டால் அப்புறம் என்பார். நூற்றுக்கணக்கில் பறவைகளைப் பிடித்து எடை போட்ட மனுஷர், இந்த ஒன்றுக்காக உருகினார். பேத்தியைச் சரியாகப் பார்த்ததில்லை, மகள் முகம் நாலு வருஷத்துக்கு முந்தையது, அந்த ஏக்கம் முழுக்க இருபத்தொன்பது கிராம் பறவை மேல் போய் உட்கார்ந்திருந்தது. ஏழாம் நாள் அது கொஞ்சம் பருத்த மாதிரி இருக்கிறது என்று ஓடிவந்து சொன்னார். பவுனு பார்த்துவிட்டு ஆமாம் என்றாள். அன்றைக்கு மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

பதின்மூன்றாம் நாள் காலையில் அது இல்லை.

உப்பளம் முழுக்க வெயிலில் நடந்தார். வரப்பு வரப்பாகத் தேடினார். பருந்து அடித்திருந்தால் இறகாவது கிடக்கும் என்று குனிந்து குனிந்து பார்த்தார். இறகும் இல்லை, வளையமும் இல்லை. பவுனு தண்ணீர்க் கேனோடு பின்னாலேயே வந்தாள். கடைசியில் அவரால் நடக்க முடியாமல் ஒரு வரப்பில் உட்கார்ந்தார். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"போயிருக்குமா ஆசான்? செத்திருக்குமா?"

"தெரியாது சார்."

"தனியாப் போனா போய்ச் சேருமா?"

"அதும் தெரியாது."

அவர் கேனை வாங்கித் தண்ணீர் குடித்தார். உப்புக்காற்றில் உதடு வெடித்திருந்தது.

"போய்ச் சேந்துட்டா பொழச்சுக்கும்ல?" என்று இந்தத் தடவை அவள் கேட்டாள். "அங்க தீனி நெறைய கெடக்கும்னு சொல்லுவீங்களே."

உடனே கிடைக்காது என்றார். அவள் பார்த்திராத அந்த ஊரைப் பற்றி நிதானமாகச் சொன்னார். அது போய் இறங்கும்போது தரையெல்லாம் பனி மூடிக் கிடக்கும். பனி உருகிப் பூச்சி புழு வெளியே வரப் பல நாள் ஆகும். போதாததற்கு, பறப்பதற்குப் பாரம் குறைய வேண்டும் என்று இவை கிளம்புமுன் தன் குடலையும் இரைப்பையையும்கூடக் கொஞ்சம் கரைத்துச் சுருக்கிக்கொள்கின்றன. போனதும் அது பழையபடி வளர வேண்டும். அதற்கப்புறம்தான் ஒழுங்காகத் தின்ன முடியும்.

"அதுவரைக்கும்?"

"கொண்டுபோன கொழுப்புல மிச்சம் இருக்கிறதுதான். வழிக்கு மட்டும் சேர்த்துக்கிட்டுப் போனதெல்லாம், போய்ச் சேர்ந்த இடத்துல பனியில நின்னு செத்துரும்."

பவுனு தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். தூரத்தில் உப்பு வாரும் சத்தம் கேட்டது.

பிறகு அவராகவே ஆரம்பித்தார். என்ன பேசுவது என்று யோசிப்பதாக இத்தனை நாள் சொன்னது பொய் என்றார். பேச்சு இல்லை அவர் பயம். போய் நின்று, சுகந்தி கதவைத் திறக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான்.

"ஏன் தொறக்காது? பெத்த அப்பனுக்கு?"

தணிகாசலம் இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டார். அவர் முகாமில் யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னார்.

செண்பகவல்லி இறந்த மறுநாள் சுகந்தி வேலூருக்கு வந்தாள். யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பஸ் பிடித்து, இடுப்பில் இரண்டு வயசுக் குழந்தையோடு வந்து நின்றாள். இவர் எழுந்து போய்க் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டார். வசந்தா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். பக்கத்து வீட்டார் சொல்லிப் பார்த்தார்கள். இவர் தாழ்ப்பாளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வெளியே அவள் கதவைத் தட்டவில்லை, கத்தவும் இல்லை. குழந்தை மட்டும் அவ்வப்போது அழுதது. அம்மாவை எடுத்து வெளியே கொண்டுவந்தபோதுதான், தெருவில் நடந்துகொண்டே முகத்தைப் பார்த்தாள்.

"கதவுக்கு அந்தப் பக்கம் அவ மூச்சு விடறது எனக்குக் கேட்டுச்சு ஆசான்," என்றார் தணிகாசலம். "நான் எழுந்திருக்கல."

தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பவுனு அவர் அழுது முடிக்கும்வரை கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் நனைந்திருந்தது, கோபமும் இருந்தது. அவருக்காக அழுதாளா அந்தப் பெண்ணுக்காக அழுதாளா என்று கேட்டால், அந்தப் பெண்ணுக்காகத்தான் என்று நான் சொல்லுவேன்.

"அப்படிப்பட்டவன் போய் நின்னா அவ எப்படித் திறப்பா?" என்று அவர் துண்டுக்குள்ளிருந்தே கேட்டார். "திண்டுக்கல் போறதுக்கே எனக்குத் தெம்பு பத்தல."

"எம்புட்டு நேரம் நின்னுச்சு அந்தப் புள்ள?"

"காலைல பதினோரு மணிக்கு வந்தா. சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் எடுத்தோம்."

பவுனு எழுந்து புடவையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

"அப்ப வழிக்கு மட்டும் சேத்தாப் பத்தாது சார். அம்புட்டு நேரம் அந்தப் புள்ள வாசல்ல நிக்கிறதுக்கும் சேத்து எடுத்துக்கிட்டுப் போங்க."